இளைஞர் வேலையின்மையும் அரசுகளின் பரிகாரங்களும்: கனமூலைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

அபிவிருத்தியடைந்த நாடுகள் என நாம் அண்ணாந்து பார்க்கும் நாடுகளிலும் படித்த இளைஞர்கள் தொழிலின்றி அலைகின்றனர் என்பது வாசகர்கள் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 2013ஆம் ஆண்டில் ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் தொழில் தேடிய 25 வயதுக்குட்பட்டோரில் இருவருக்கு ஒருவருக்கு மேல் வேலையற்றிருந்தனர். பிரான்ஸில் இவ்வீதம் பல ஆண்டுகளாக ஐந்தில் ஒன்றைச் சுற்றியே நின்று வந்துள்ளது. 2023 ஜூன் மாதத்தில் சீன நகரங்களின் இளைஞர் வேலையின்மை 21.3 வீதத்தைத் தொட்டபோது, அந்நாட்டு அரசு அப்புள்ளிவிபரத்தை வெளியிடுவதையே சில மாதங்களுக்கு நிறுத்திக்கொண்டது. கணக்கிடும் முறையை மாற்றிய பின்னரே 2024 ஜனவரியில் அது மீண்டும் வெளிவந்தது. நோயைக் காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடும் என்ற நினைப்பு நமது நாட்டு ஆட்சியாளர்களுக்கு மட்டும் உரித்தானதல்ல என்பதில் நமக்கொரு சிறு ஆறுதல் உண்டு.

இலங்கையின் நிலை யாது? நாட்டின் மொத்த வேலையின்மை வீதம் நீண்ட காலமாக ஐந்து வீதத்தை அண்டியே இருந்து வருகின்றது. ஆனால் 15 முதல் 24 வயது வரையிலானோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 20 வீதத்துக்கு மேலாகும். கொவிட் தொற்றுப் பரவிய 2020இல் அவ்வீதம் நான்கில் ஒன்றைத் தாண்டியது. இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர்களை விட, க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையேயே வேலையின்மை அதிகமாகக் காணப்படுகின்றது. அவர்களுள்ளும் பெண்களின் நிலை ஆண்களின் நிலையிலும் மோசமானது. படிக்கப் படிக்கத் தொழில் தூரமாகிப் போகும் இந்த விசித்திரமே நமது நாட்டுப் பிரச்சினையின் மையமாகும்.

புள்ளிவிபரங்களை அப்படியே நம்பிவிடவும் இயலாது. சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் வரைவிலக்கணத்தைப் பின்பற்றி நடைபெறும் தொழிற்படை அளவீட்டில், கணிப்புக்குரிய வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்தவர் தொழில் உள்ளவராகவே கருதப்படுவார். சம்பளமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுபவரும் அவ்வாறே. மதுரங்குளியை அண்டிய கனமூலையிலோ, அயலிலுள்ள கடையாமோட்டை, விருதோடை, கொத்தாந்தீவு போன்ற ஊர்களிலோ உயர்தரப் பரீட்சை எழுதிய இளைஞன் ஒருவன், பெறுபேறு வரும்வரை தந்தையோடு வாடிக்குச் சென்று வலை தெரிந்தால், அவன் தொழில் பார்ப்பவன். அதே வீட்டில் அதே பரீட்சை எழுதி, தொழில் தேடிச் செல்ல வழியில்லாமல் வீட்டில் இருக்கும் அவனது சகோதரி, தொழிற்படையிலேயே சேரமாட்டாள். எனவே அவள் வேலையற்றவளும் அல்லள். கணக்கெடுப்பவரின் படிவத்தில் அந்த வீட்டில் வேலையின்மை என்ற பிரச்சினையே இல்லை. ஐரோப்பிய நாடுகள் இந்தக் குறையை உணர்ந்தே கல்வியிலும் தொழிலிலும் பயிற்சியிலும் இல்லாத இளைஞர் எத்தனை பேர் என வேறொரு கணக்கையும் வைத்துக்கொள்கின்றன. இலங்கையிலும் இக்கணக்கு எடுக்கப்படுகின்றது. ஆயினும் மேடைகளில் பேசப்படுவது முன்னைய கணக்கே.

இப்பிரச்சினை நமக்குப் புதியதன்று. அரை நூற்றாண்டுக்கு முன்னர், வேலையின்மை பற்றி ஆராய இலங்கை அரசின் அழைப்பின் பேரில் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் பிரித்தானியப் பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அதே 1971ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான் படித்த சிங்கள இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. சியர்ஸ் குழுவின் முடிவு இன்றும் படித்துப் பார்க்கத்தக்கது. நாட்டில் வேலை குறைவு என்பதோடு, பாடசாலை வளர்த்துவிடும் எதிர்பார்ப்பும் பொருளாதாரம் வழங்கக்கூடிய தொழிலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதிருப்பதே பிரச்சினை என அக்குழு கூறிற்று. கல்வி இலவசமாயிற்று, எழுத்தறிவு பெருகிற்று. ஆனால் வயலும் கடலும் தோட்டமும் பழைய வயலும் கடலும் தோட்டமுமாகவே இருந்தன.

பின்வந்த பொருளியலாளர் சிலர் இதனை முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை. இளைஞர் வேலையற்றிருப்பது தகைமை பொருந்தாமையினால் அன்று, அரசாங்க வேலைக்கான வரிசையில் காத்திருப்பதனாலேயே என்பது அவர்களின் வாதம். ஓய்வூதியம், நிரந்தரம், சமூக மதிப்பு, இலகுவான வேலைநேரம் ஆகிய யாவும் ஒருங்கே கிடைக்கும் தொழிலுக்காக நான்கைந்து ஆண்டுகள் காத்திருப்பது அறிவீனமன்று. அது ஒரு கணக்கு. நமது சமூகத்தில் திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் தொழில் பற்றிக் கேட்கப்படும் முதற் கேள்வியை நினைத்துப் பார்த்தால் அக்கணக்கு விளங்கும்.

வேறு சிலர் 1971ஆம் ஆண்டின் தொழிலாளர் வேலை முடிவுறுத்தல் சட்டத்தைச் சுட்டினர். பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமல்லாத வேறு காரணத்துக்காக ஒருவரை நீக்குவதாயின் அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெறுதல் வேண்டும் என்கிறது அச்சட்டம். நீக்க முடியாதவனைச் சேர்த்துக்கொள்ள முதலாளி அஞ்சுகிறான் என்பது இவர்களது வாதம். இதே வாதத்தை முன்வைத்தே பிரான்ஸ் 2006ஆம் ஆண்டில் 26 வயதுக்குட்பட்டோருக்கான ‘முதல் வேலை ஒப்பந்தம்’ என்ற சட்டத்தைக் கொண்டு வந்தது. முதலிரண்டு ஆண்டுகளுக்குள் காரணம் கூறாமலே இளைஞரை நீக்கலாம் என்றது அச்சட்டம். இலட்சக்கணக்கான மாணவர்களும் தொழிலாளர்களும் வீதிக்கிறங்கினர். அதே ஏப்ரலில் பிரதமர் வில்பன் சட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. பாதுகாப்பில்லாத வேலை கிடைப்பதும் வேலையின்மையும் இளைஞன் பார்வையில் ஏறத்தாழ ஒன்றே என்பதை அந்த ஊர்வலங்கள் அரசுக்கு உணர்த்தின.

தமிழ் இளைஞரைப் பொறுத்தவரை, 1956இன் மொழிச் சட்டம் அரச வேலையின் கதவை ஒருபுறம் சாத்தியது. 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் மறுபுறத்தைச் சாத்தியது. அதன் விளைவுகளை நாம் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1987-89 காலத்தில் தெற்கு மீண்டும் குருதியில் தோய்ந்த பின்னர், ஜனாதிபதி பிரேமதாச நியமித்த இளைஞர் ஆணைக்குழு 1990இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. தொழில் வழங்கலில் அரசியல் தலையீடும், அதனால் இளைஞர் மனதில் வேரூன்றிய அநீதி உணர்வுமே அமைதியின்மைக்கு முக்கிய காரணங்கள் என அவ்வறிக்கை கூறிற்று. வேலை இல்லாமையை ஓர் இளைஞன் பொறுத்துக்கொள்வான். தன்னிலும் குறைந்த தகைமையுள்ள ஒருவன் அமைச்சரின் கடிதத்தோடு அவ்வேலையில் அமர்வதைப் பொறுத்துக்கொள்ளமாட்டான். அறிக்கை வெளிவந்து மூன்றரை தசாப்தங்கள் கடந்துவிட்டன. கடிதங்களின் கதை நமது வாசகர்களுக்குத் தெரியும்.

அரசுகள் செய்தவை எவை? 1977க்குப் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாயிலாகப் படிவம் வழங்கிய ‘தொழில் வங்கி’ வந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் கிராமங்களை நோக்கி 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலில் காட்டிய திட்டம் என்ற வகையில் அதனைக் குறைத்து மதிப்பிட இயலாது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை என்பன 1990களில் அமைந்தன. 2017இல் உயர்தரத்தில் தொழிற்பாடத் துறையொன்றும் சேர்க்கப்பட்டது. ஆனால் தேர்தல்கள் நெருங்கும்போதெல்லாம் கையாளப்படும் மருந்து ஒன்றுதான். பட்டதாரிகளை மொத்தமாக அரச சேவையில் உள்வாங்குதல். 2004இல் பதவிக்கு வந்த அரசு பல்லாயிரக்கணக்கானோரை உள்வாங்கிற்று. 2020இல் 50 ஆயிரம் பேருக்கு நியமனம் என்று அறிவிக்கப்பட்டு, மாதாந்தம் 20 ஆயிரம் ரூபா பயிற்சிக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரோடு பிரதேச செயலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அனுப்பப்பட்ட இவர்களுள் பலர், தங்களை ஆசிரிய சேவையில் சேர்க்குமாறு கோரிப் பின்னர் வீதியில் நின்றனர். இரண்டே ஆண்டுகளில், 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது, அதே அரசு அரச ஊழியரைச் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வெளிநாடு சென்று உழைத்து வருமாறு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒரு கையால் அழைத்து மறு கையால் வழியனுப்பி வைத்த அரசை இதற்கு முன் நாம் கண்டதில்லை.

வழியனுப்பி வைத்தல் என்பதே உண்மையில் இந்நாட்டின் மிகப்பெரிய வேலைவாய்ப்புக் கொள்கையாகும். 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து சென்றவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2024இலும் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. அவ்வாண்டில் அவர்கள் அனுப்பிய பணம் 600 கோடி டொலருக்கு அதிகம். பணியகம் 1985இல் உருவாக்கப்பட்ட காலந்தொட்டே புத்தளம் மாவட்டத்தின் முஸ்லிம் கிராமங்களில் இருந்து முதலில் பெண்களும் பின்னர் இளைஞர்களும் வளைகுடா நோக்கிச் சென்று வருகின்றனர். கல்வீடுகள் எழுந்தன, கடன்கள் அடைபட்டன, சில வீடுகளில் தாயின்றிப் பிள்ளைகள் வளர்ந்தன. பத்தாம் வகுப்பிலேயே கடவுச்சீட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கும் ஒரு பையனுக்கு உயர்தரத்தில் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி எழுவதில்லை.

இங்குதான் செல்வந்த நாடுகளின் இளைஞர் வேலையின்மை நமது வாசலுக்கு வருகின்றது. 2010 டிசம்பரில் துனீசியாவில் மூண்ட தீ அரபு நாடுகள் எங்கும் பரவியபோது, வேலையற்ற தமது இளைஞரைப் பற்றி வளைகுடா அரசுகள் கலங்கின. 2011இல் சவூதி அரேபியா இரண்டு நடவடிக்கைகளை எடுத்தது. ஒன்று, தொழில் தேடும் சவூதி இளைஞருக்கு மாதம் 2,000 ரியால் வரை ஓராண்டு காலம் உதவிப்பணம் வழங்கும் ‘ஹாபிஸ்’ திட்டம். மற்றையது ‘நிதாகாத்’. தனியார் நிறுவனங்கள் எத்தனை சவூதிகளை வேலைக்கு அமர்த்தியுள்ளன என்பதற்கேற்ப அவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் குறிக்கப்பட்டது. சிவப்பு நிறுவனத்தில் உள்ள வெளிநாட்டு ஊழியரின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது; பச்சை நிறுவனமோ அந்த ஊழியரைப் பழைய முதலாளியின் சம்மதமின்றியே தன்பால் இழுத்துக்கொள்ளலாம். 2013இல் ஆவணமற்ற தொழிலாளருக்கு எதிரான நடவடிக்கை தொடர்ந்தது. 2016இல் கைத்தொலைபேசி விற்பனை, திருத்தக் கடைகள் முற்றாகச் சவூதி நாட்டவருக்கென ஒதுக்கப்பட்டன. 2018இல் சில்லறை வியாபாரத்தின் பல துறைகளிலும் ஒதுக்கீடு வந்தது. 2017 முதல் வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணமும் விதிக்கப்பட்டது. ஓமானும் 2018 ஜனவரியில் 87 வகைத் தொழில்களுக்கான புதிய வீசாக்களை இடைநிறுத்தியது.

இச்சட்டங்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. தன் பிள்ளைக்கு முதலில் சோறிடுவது எந்த வீட்டுக்கும் நியாயமே. ஆனால் றியாதில் எடுக்கப்பட்ட முடிவொன்றினால் கனமூலை இளைஞன் ஒருவன் ஊர் திரும்புகிறான் என்பதையும், அவன் திரும்பி வரும்போது இங்கு அவனுக்கென ஆயத்தமாக ஏதுமில்லை என்பதையும் நமது கொள்கை வகுப்போர் கவனித்ததாகத் தெரியவில்லை. கைத்தொலைபேசி திருத்தக் கற்றுக்கொண்டவன் அத்தொழிலை ஊரில் தொடங்க முடியும். சாரதியாகவும் கடை உதவியாளராகவும் எட்டு ஆண்டுகள் கழித்தவனின் அனுபவத்துக்கு இங்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அவன் முச்சக்கரவண்டி ஒன்றைத் தவணைக்கு எடுப்பான். தேசிய தொழில் தகைமை முறையில் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும் அதனைப் பற்றி விமான நிலையத்தில் யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

தென்கொரியாவின் கதை வேறு வகையானது. அங்கு பட்டதாரிகள் பெரிய நிறுவனங்களின் வாசலில் ஆண்டுக்கணக்கில் பரீட்சை எழுதிக் காத்திருக்கின்றனர். சிறு தொழிற்சாலைகளோ ஆளில்லாமல் தவிக்கின்றன. எனவே 2004இல் ஆரம்பித்த அனுமதிப்பத்திர முறையின் கீழ் வெளிநாட்டுத் தொழிலாளரை அந்நாடு வரவழைக்கின்றது; இலங்கை அதில் முதலிலேயே இணைந்த நாடுகளுள் ஒன்று. அங்கும் வரிசை, இங்கும் வரிசை. அங்கு வரிசையில் நிற்பவன் கைவிட்ட தொழிலை இங்கு வரிசையில் நிற்பவன் விரும்பிப் போய்ச் செய்கின்றான். முகவர் கட்டணம் இல்லாத, அரசுக்கு அரசு ஏற்பாடான இவ்வாய்ப்புக்கு வேண்டியது கொரிய மொழிப் பரீட்சையில் சித்தி. தமிழ் மூலம் கொரிய மொழி கற்பிக்கும் நிலையங்கள் புத்தளம் மாவட்டத்தில் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஐரோப்பாவின் அனுபவத்தில் இரண்டை மட்டும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். பிரித்தானியாவில் 1998இல் தொழிற்கட்சி அரசு இளைஞருக்கான ‘புதிய ஒப்பந்தம்’ என்ற திட்டத்தைக் கொணர்ந்தது. தனியார்மயமாக்கப்பட்ட மின்சார, நீர் நிறுவனங்களின் மிகை இலாபத்தின் மீது ஒரு தடவை மட்டும் விதிக்கப்பட்ட வரியே அதற்கு நிதியாயிற்று. ஆறு மாதம் உதவிப்பணம் பெற்ற 18 முதல் 24 வயதினர் மானியத்துடனான வேலை, முழுநேரக் கல்வி, தொண்டு நிறுவனப் பணி, சுற்றாடற் பணி ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வீட்டிலிருந்து பணம் பெறும் ஐந்தாவது வழி இல்லை. பயனடைந்தோர் பலர், சுற்றி வந்து மீண்டும் உதவிப்பணத்திலேயே நின்றவர்களும் பலர். 2013 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ‘இளைஞர் உத்தரவாதம்’ இதன் விரிவு எனலாம். பாடசாலையை விட்டோ வேலையை இழந்தோ நான்கு மாதங்களுக்குள் ஒவ்வோர் இளைஞருக்கும் வேலையோ கல்வியோ பயிலுநர் இடமோ தரப்படும் என்பது வாக்குறுதி. 2020இல் வயதெல்லை 30க்கு உயர்த்தப்பட்டது. வாக்குறுதி எல்லா நாடுகளிலும் நிறைவேறவில்லை. எனினும் நான்கு மாதம் என்ற கால எல்லையைக் கவனியுங்கள். நமது நாட்டில் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே ஓர் இளைஞன் வீணே கழிக்கும் காலத்தைக் கூட்டினால் அது ஆண்டுக்கணக்காகும்.

இரண்டாவது, ஜேர்மனி. அங்கு பயிலுநர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் தொழிற்சாலையிலும் ஏனைய நாட்கள் தொழிற்பாடசாலையிலும் பயில்கிறார், ஊதியமும் பெறுகிறார். முன்னூறுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு இவ்வாறான ஒழுங்கு உண்டு. ஐரோப்பாவில் இளைஞர் வேலையின்மை மிகக் குறைந்த நாடுகளுள் அது ஒன்றாக இருப்பதற்கு இதுவே முதற் காரணம் என்பர். இம்முறை நமக்கு அந்நியமானதன்று. மொறட்டுவையிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 முதல் இயங்குகின்றது. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவேயுள்ள வடமேற்குக் கரையின் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அத்தரத்தில் ஒன்றும் இல்லை.

பயிற்சிக்குப் பொருத்தமான தொழில்கள் இக்கரையில் இல்லையா? உண்டு; ஆனால் அவை இளைஞரின் கையில் நிலைக்கவில்லை. 1980களில் புத்தளம், முந்தல் களப்புகளின் ஓரமாக இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பலவற்றைக் காலி செய்தது. கைவிடப்பட்ட தொட்டிகளை இன்றும் காணலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்களுள் பெரும்பாலானோருக்குப் புத்தளம் புகலிடமளித்தது. அது இம்மண்ணின் பெருமை. அதேவேளை உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்குக் கைகள் பெருகின, கூலி பெருகவில்லை என்பதும் மறைக்க முடியாத உண்மை. வந்தவரும் இருந்தவரும் ஒரே வறுமையைப் பங்கிட்டுக்கொண்டனர். நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் மின்நிலையம் எழுந்தது. 2011இல் முதற் கட்டமும் 2014இல் முழுமையும் இயங்கத் தொடங்கிற்று. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கை வழங்கும் அந்நிலையத்துக்குத் தேவையான பற்றவைப்போரையும் மின்னியலாளரையும் அயற் கிராமங்களிலிருந்து உருவாக்கும் பயிற்சி நிலையம் ஒன்று அதனுடன் சேர்ந்து எழவில்லை. கட்டுமானக் காலத்தில் நமது இளைஞருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மண் சுமக்கும் வேலையே. கடற்றொழிலோ, 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்த நாளிலிருந்து மூச்சு வாங்குகின்றது.

உத்தரவாதம் என்ற பெரிய சொல்லை நாம் இப்போது கேட்கவில்லை. கேட்பது சிறியது. மதுரங்குளியை மையமாகக் கொண்டு, தமிழ் மூலம், தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டம் வரை கொண்டு செல்லும் முழுமையான பயிற்சி நிலையம் ஒன்று. அதில் மீன் பதனிடல், குளிரூட்டல் இயந்திரம், வெளியிணைப்பு இயந்திரத் திருத்தம், சூரிய மின்கலப் பொருத்தல், தாதியர் உதவி போன்ற, இங்கும் வெளிநாட்டிலும் விலை போகும் பாடங்கள். வாரத்தில் மூன்று நாட்கள் மின்நிலையத்திலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் உப்பளத்திலும் பயிலுநர் இடங்கள். திரும்பி வருவோரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஒரு மேசை. பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரும் வகையில் வகுப்பு நேரமும் பஸ் நேரமும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் பெற்றோர் அனுப்பமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஸகாத் நிதியில் ஒரு பங்கைக் கருவிப் பெட்டிகளுக்கும் பயிற்சிக் காலப் போக்குவரத்துக்கும் ஒதுக்குவது பற்றி உலமாக்களின் ஆலோசனையைப் பெறலாம். தையல் இயந்திரங்கள் போதியளவு வழங்கியாகிவிட்டது.